வேலை, ரயில், வீடு... இதில் உடற்பயிற்சிக்கு நேரம் எங்கே எடுக்கிறீர்கள்?

ஊரப்பாக்கத்துக்காரி எழுதியது:

வணக்கம். நான்கு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 41. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 சதவீதம் என்று வந்தது. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "சர்க்கரைக்கு முந்தைய நிலை, தினமும் 40 நிமிடம் நடங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து, இரண்டு வருடம் கட்டு மாற்றிவிட்டது நான்தான். அதனால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பயம் நிறையவே இருக்கிறது, நேரம்தான் இல்லை.

என் நாளைச் சொல்கிறேன். காலை 4.50-க்கு எழுந்து, மூன்று டிபன் பாக்ஸ், மாமியாருக்குக் காலைச் சாப்பாடு, சின்னவனைக் கிளப்பி வேனில் ஏற்றுவது என்று முடித்து, ஏழேகாலுக்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டும். ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டால் வீடு வந்து சேர ஏழரை. அப்புறம் இரவுச் சமையல், பெரியவளுக்குக் கணக்குப் பாடம், பாத்திரம், மறுநாளுக்குக் காய் நறுக்குவது. படுக்கப் பதினொன்று ஆகிவிடும்.

ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்தேன். ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி 11 நாள் போனேன். இரண்டாம் நாளே தொடை பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க முடிந்தது. காலை நாலு மணிக்கே எழுந்து நடந்து பார்த்தேன். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் நாய்கள் கூட்டமாக நிற்கின்றன, விளக்கும் சரியாக எரிவதில்லை. ஒரு வாரத்தில் அதையும் விட்டுவிட்டேன்.

"மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், ப்ளீஸ். என்னைப் போல ஓடிக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், நிஜமாகவே எந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

திருச்சி நைட் டியூட்டி எழுதியது:

அக்கா, நான் 12 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். சர்க்கரை வார்டில் நிறைய நாள் இருந்திருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், 6.1-இல் தெரிந்தது நல்லது. 5.7-லிருந்து 6.4 வரை முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து திரும்பி வர வழி இருக்கிறது.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போல முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். மூன்று வருடத்தில், வழக்கமான பொது அறிவுரை மட்டும் கேட்டுப் போன குழுவில் 55% பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் அது 39%. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். எல்லாம் நம் ஊர் உடம்பு, நம் ஊர் சாப்பாடு. எங்கள் வார்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன்.

இப்போது நேரம். 40 நிமிடத்தை ஒரே கட்டாகத் தேடாதீர்கள், உங்கள் நாளில் அது கிடைக்காது. முன்பெல்லாம் ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கொடுத்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, எப்படிச் சேர்த்தாலும் சரி. மிதமானது என்றால் நடக்கும்போது பேச முடியும், ஆனால் பாட மூச்சு போதாது. அந்த வேகம் இருந்தால் போதும்.

உங்களுக்கு நான் சொல்வது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம். சாப்பிட்டதும் சர்க்கரை ஏறுகிற நேரம் அது. காலில் இருக்கும் பெரிய தசைகள் வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மொட்டை மாடி இருந்தால் அங்கேயே போதும், நாய்த் தொல்லை இல்லை. சாப்பிட்டவுடன் ஓடுவதும் குதிப்பதும்தான் கூடாது, நடக்கலாம்.

டாக்டர் மூன்று மாதம் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. அதனால் பத்து நாள் நடந்துவிட்டு ஓடிப் போய் டெஸ்ட் எடுத்து மனம் உடைந்துபோகாதீர்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கோவை மளிகை எழுதியது:

சகோதரி, நான் ஆண்தான், ஆனாலும் சொல்கிறேனுங்க. மளிகைக் கடை, காலை ஆறு முதல் இரவு பத்து வரை. ரேஸ் கோர்ஸ் நடைபாதை எங்கள் வீட்டிலிருந்து பக்கம். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் வரும். "நாளையிலிருந்து போகிறேன்" என்று எத்தனை வருடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பால் வண்டி ஒரு நாள் ஐந்து மணிக்கு வரும், ஒரு நாள் ஐந்தே முக்காலுக்கு வரும், நான் அதுக்காகக் காத்திருக்க வேண்டும். என் காலை நேரம் என் கையில் இல்லை என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு நாலு வருடம் ஆனது.

அப்புறம்தான் கவனித்தேன், மத்தியானம் இரண்டரை முதல் மூன்றரை வரை கடையில் ஈ, காக்கை இருக்காது. அந்த நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்த நேரத்தில் உள்ளே அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் சந்தில் பஸ்கியும் தண்டாலும். ஆள் வந்தால் எழுந்து போய் வியாபாரத்தை முடித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். பாயும் வேண்டாம், ஷூவும் வேண்டாம்.

என்னைத் தொடர வைத்தது தினசரி காலண்டர்தானுங்க. காலையில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு எத்தனை எடுத்தேன் என்று பென்சிலால் எழுதி, அட்டைக்குப் பின்னால் இருக்கும் கிளிப்பில் சொருகிவிடுவேன். போன வருடத் தாள் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு செங்கல் கனம் இருக்கிறது. தீபாவளி வாரத்தில் ஏழு தாளும் வெறுமையாக இருக்கும், எட்டாவது தாளில் மறுபடி எண் இருக்கும். அதைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம்.

உங்களுக்கு ஒரு யோசனை. கிண்டிக்கு முந்தின ஸ்டேஷன் பரங்கிமலைதானே? அங்கேயே இறங்கி நடந்துவிடலாமே?

ஓய்வுபெற்ற பி.இ.டி. எழுதியது:

அம்மா, அரசுப் பள்ளியில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். அந்த ஜிம் விஷயத்தில் உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. பல வருடம் அசையாத தொடைக்கு முதல் நாளே எடை கொடுத்தது அங்கே சொல்லிக்கொடுத்தவரின் தவறு. புதிதாகப் பயிற்சி எடுத்தால் ஒரு நாள் கழித்து வலி ஏறி, மூன்று நான்கு நாளில் தானாக இறங்கும். முதல் வாரம் "இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே" என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். பையன்களை மைதானத்துக்குத் திரும்பத் திரும்ப வரவைக்க நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

நடை மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம் தசைதான், பாத்திரம் சிறுத்தால் ரத்தத்தில் வழியும். நாற்பது வயதுக்கு மேல் ஒன்றும் செய்யாமல் இருந்தால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும்.

உங்கள் சமையலறையிலேயே செய்யலாம். ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்கக் கூடாது. அதற்கு முன்னால் இடுப்பு அகலத்துக்குக் கால் விரித்து நில்லுங்கள். முதலில் இடுப்பைப் பின்னால் தள்ளி, உட்காரப் போவதுபோல மெதுவாக இறங்குங்கள், மூன்று எண்ணும் நேரம். நாற்காலி தொட்டதும் மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, முழங்கால் உள்பக்கம் சாயாமல் கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். எட்டு முறை போதும். பிறகு சமையல் மேடையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைப் பலகை போல வைத்துக்கொண்டு சாய்வுத் தண்டால் எட்டு. குக்கர் முதல் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் நடுவே இரண்டும் முடிந்துவிடும். அடுப்புப் பக்கமாக மட்டும் நிற்காதீர்கள். புடவை என்றால் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள்.

படிக்கட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாடி பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிக்கு ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே பஸ். அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை, வேலையே அப்படி அமைந்திருந்தது.

வைகைக்கரை எழுதியது:

மேலே எழுதிய எல்லாரும் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோழி எழுதிய நாளை இன்னொரு முறை படியுங்கள். அதில் மாமியார் வருகிறார், சின்னவன் வருகிறான், பெரியவள் வருகிறாள். கணவர் எங்கே?

மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இருநூறு நிமிட வித்தியாசம். நீங்கள் தேடுவது அதிலிருந்து 20 நிமிடம். அதைக் குக்கர் விசிலுக்கு நடுவே திருடித்தான் எடுக்க வேண்டுமா? நானும் ஆறு வருடம் அப்படித்தான் திருடிக்கொண்டிருந்தேன், என் தூக்கத்திலிருந்து. ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு நடக்கப் போய், தலைவலியோடு வேலைக்குப் போய், கடைசியில் இரண்டும் கெட்டது. தயவுசெய்து தூக்கத்தில் கை வைக்காதீர்கள், தூக்கம் குறைந்தாலும் சர்க்கரை ஏறும்.

வீட்டில் கேட்கும்போது "எனக்குக் கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் அது இன்னும் உங்கள் வேலைதான். "இரவுப் பாத்திரம் உங்களுடையது" என்று ஒரு வேலையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அவர் கழுவியதில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் போய் மறுபடி கழுவாதீர்கள், அதுதான் கஷ்டம், எனக்குக் கை பரபரக்கும். ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். நீங்கள் படுத்துவிட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

இன்னொன்று. "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். மூச்சு வாங்கக் கூட்டித் துடைத்தால், தண்ணீர்க் குடம் தூக்கி மாடி ஏறினால் சரி, அது கணக்கில் சேரும். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய காலத்துக்கு அது நிஜம். அடுப்பு முன்னால் ஒரு மணி நேரம் நிற்பதில் கால் வீங்கும், அவ்வளவுதான்.

ஊரப்பாக்கத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரயிலில் நின்றுகொண்டே படித்தேன், பல்லாவரத்தில் கண் கலங்கிவிட்டது.

கோவை அண்ணா, பரங்கிமலை யோசனையை நேற்றே முயன்று பார்த்தேன். காலையில் முடியாது. கத்திப்பாரா பக்கம் நடப்பவர்களுக்கு வழியே இல்லை, வண்டிகளுக்கு நடுவே கடக்க வேண்டியிருக்கிறது, புகை வேறு. அதற்குப் பதிலாக ஸ்டேஷன் மேம்பாலப் படிகளை எண்ணிக்கொண்டு ஏறுகிறேன். சாயங்காலம் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பெஞ்சில் உட்காராமல் பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டு தடவை போய் வந்தால் பத்து நிமிடம் ஆகிறது. இத்தனை வருடம் அந்தப் பத்து நிமிடத்தை இந்தக் கணக்கில் நினைத்ததே இல்லை.

வைகைக்கரை, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். அவர் கெட்டவர் இல்லை, அவரும் ஒன்பது மணிக்குத்தான் வருகிறார். ஆனால் நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது உண்மை. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.

சார், நாற்காலிப் பயிற்சியில் ஐந்தாவது முறை எழும்போது வலது முழங்காலில் 'டக்' என்று சத்தம் வருகிறது. வலி இல்லை. தொடரலாமா?

ஓய்வுபெற்ற பி.இ.டி. எழுதியது:

வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் அம்மா. நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி ஒரு வாரம் செய்யுங்கள், பிறகு எடுத்துவிடலாம். வலி வந்தால் அன்றே நிறுத்திவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

ஊரப்பாக்கத்துக்காரி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எப்படிப் போகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எதிர்பார்த்ததில் பாதி நடந்திருக்கிறது, அந்தப் பாதி நிற்கும் போலத் தெரிகிறது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடி. முதல் இரண்டு நாள் மாமியார், "சாப்பிட்ட வயிற்றோடு என்ன நடை" என்றார். நர்ஸ் தங்கச்சி எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க அப்பாவும் சாப்பிட்டதும் திண்ணையை விட்டு இறங்கி நூறடி நடந்துட்டுத்தான் வெத்தலை போடுவார்" என்றார். இப்போது நான் மேலே போக நேரமானால் அவரே கூப்பிட்டுச் சொல்கிறார். பெரியவள் கூட வருகிறாள். கணக்குப் பாடத்தில் வாய்ப்பாடு, சூத்திரம் எல்லாம் நடந்துகொண்டே கேட்கிறேன், ஒப்பிக்கிறாள். அவள் பள்ளியில் நடப்பதைச் சொல்வதும் அங்கேதான். மேஜையில் உட்கார்ந்தால் அந்தப் பேச்சு வருவதில்லை.

பாத்திரம் அவருடையது. முதல் வாரம் வாணலியை ஊறவைத்துவிட்டுத் தூங்கிவிட்டார், நான் தொடவில்லை. காலையில் அவரே கழுவினார். இப்போது கேட்க வேண்டியதில்லை. நான் பத்தே காலுக்குப் படுத்துவிடுகிறேன், அது எதிர்பாராமல் கிடைத்தது.

நாற்காலிப் பயிற்சி வாரம் மூன்று நாள், எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு வந்திருக்கிறேன், தலையணை எடுத்தாகிவிட்டது. காலை நேர நடை எனக்கு ஒத்து வரவில்லை, அதை விட்டுவிட்டேன், அதற்காக வருத்தப்படுவதையும் விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நான்கு நாளும் எதுவும் செய்ய முடியவில்லை. ஐந்தாம் நாள் காலண்டர் தாளில் மறுபடி எண் எழுதினேன், கோவை அண்ணாவை நினைத்துக்கொண்டேன்.

டெஸ்ட் எடுக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன், எந்த எண்ணாக இருந்தாலும்.

இப்போது ஒரு கேள்வி. அடுத்த மாதம் மழை ஆரம்பித்துவிடும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் பாசி பிடித்து வழுக்கும், தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். அந்த இரண்டு மாதம் என்ன செய்வது?

திருச்சி நைட் டியூட்டி எழுதியது:

அக்கா, ரொம்ப சந்தோஷம். பாசி பிடித்த மாடிக்குப் போகவே போகாதீர்கள், மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தெருத் தண்ணீரில் நடந்துவிட்டு வந்தால் கால்விரல் இடுக்கைத் துடைத்துப் பாருங்கள், உங்கள் அம்மா விஷயம் தெரிந்ததால் சொல்கிறேன். வீட்டுக்குள்ளேயே ஹாலிலிருந்து சமையலறை வரை 15 நிமிடம் நடந்தாலும் அதே பலன்தான்.

ஓய்வுபெற்ற பி.இ.டி. எழுதியது:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. மாடிப்படியில் தரையை ஒட்டிய முதல் படி, உள்பக்கம், நனையாத இடம். வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கீழே, இடது கீழே. ஒரு நிமிடம் ஆனதும் இடது காலில் தொடங்குங்கள். கைப்பிடிச் சுவரில் விரல் பட்டுக்கொண்டே இருக்கட்டும். பெரியவளை எதிரே நிற்க வைத்து எண்ணச் சொல்லுங்கள். முதல் வாரம் நான்கு நிமிடம், பிறகு வாரம் ஒரு நிமிடம் கூட்டலாம்.